அண்ணன் தெளிவாக இருக்கும் நேரம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, எங்கள் ஏரியாவில் தேர்தலில் ஜெயித்த தலைவர் வீட்டு வராண்டாவில், உட்கார நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

எதற்கு அவ்வளவு சீக்கிரம் என்கிறீர்களா? அண்ணனைப் பார்ப்பதென்றால் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். மதியத்துக்கு மேல் அவர் ‘பிஸி’. சாயங்காலம் போனால் எதைக் கேட்டாலும் சரி என்பார். மறுநாள் போய் நின்றால் நீ யார் என்பார். ராகு காலம், எமகண்டம் பார்க்காத ஆட்கள்கூட அண்ணன் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். இதை யாரும் ஒரு குறையாகச் சொல்வதே இல்லை. பஸ் டைமிங் சொல்கிற மாதிரி சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் போனது செல்விக்காக. உப்பளம் பகுதியில், எங்கள் தெரு முனையில் தள்ளுவண்டியில் இட்லி விற்பவள். சேதராப்பட்டு கம்பெனி பஸ்கள் அந்த முனையில்தான் நின்று ஆள் ஏற்றும். ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்றபடியே நாலு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு பஸ்ஸில் தாவி ஏறுவார்கள். செல்வியின் புருஷன் பழைய மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. வீட்டு அடுப்பும் பிள்ளைகளின் படிப்பும் அந்த வண்டியை நம்பித்தான்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஒரு லாரி வந்து வண்டியை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டது. மாவுப் பாத்திரத்தோடு! கேட்டதற்கு “மேலேருந்து ஆர்டர்” என்றார்களாம்.

மேலே என்றால் எங்கே? வானத்திலா?

“அக்கா, நீங்க பத்திரிகைல எழுதுறவங்க. சும்மா கூட வந்து நில்லுங்க போதும். நான் பேசிக்கிறேன்” என்றாள் செல்வி. போனேன்.

அண்ணன் வந்தார். குளித்து, சலவை வேட்டி கட்டி, பளிச்சென்று. செல்வி சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார். அவர் முகம் சிவந்துவிட்டது.

“எவன்டா அவன்? ஏழை வயித்துல அடிக்கிறவன்! நான் உசுரோட இருக்கிறப்பவே என் ஏரியால வந்து கைய வெப்பானா?”

வராண்டா சிலிர்த்துப்போனது. என்ன இருந்தாலும் மனிதருக்கு ஈரம் இருக்கிறது என்று நானும் நினைத்தேன்... பக்கத்தில் நின்ற பி.ஏ. வாயைத் திறக்கும்வரை.

“அண்ணே... நீங்கதான் சொன்னீங்க.”

“நானா?”

“ஞாயித்துக்கிழமை, இவங்க வண்டிக்கு எதிர்ல புதுசா ரெஸ்டோ பார் கட்டுறாரே, அவரு குடுத்த விருந்துல. கார் நிறுத்த எடம் வேணும்னாரு. நீங்க அங்கேருந்தே போன் போட்டு, காலைல அந்த வண்டி இருக்கக் கூடாதுன்னீங்க.”

“சொன்னேனா?”

“ஆமாண்ணே.”

அண்ணன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சிரித்தார். நம்புங்கள், வராண்டாவும் சேர்ந்து சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப இன்னொரு போன் போட்டு வேணாம்னுடுங்கண்ணே” என்றாள்.

“அது எப்படிமா? அத்தன பேரு முன்னாடி வாக்கு குடுத்துட்டேன். இப்ப மாத்துனா எவன் என்னை மதிப்பான்? உனக்கு வேற எடம் பாத்துத் தர்றேன். ஸ்டேடியத்துக்குப் பின்னாடி போட்டுக்கயேன்.”

“அங்க நாய்தாண்ணே வரும்.”

அவர் காரில் ஏறிவிட்டார். வாக்குத் தவறாதவர் இல்லையா!

எனக்கு அங்கே நின்றபடியே கிறிஸ்தவ வேதத்தில் வரும் ஒரு அம்மா நினைவுக்கு வந்தாள். அவள் மகன் ஒரு ராஜா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆளுகிறவனுக்குக் குடி ஆகாது, குடித்தால் சட்டம் மறந்துபோகும், எளியவன் நியாயம் புரண்டுபோகும் என்று அவள் மகனுக்குப் புத்தி சொல்கிறாள். அதோடு விடவில்லை. பேச முடியாதவனுக்காக நீ வாயைத் திற என்கிறாள். அதே வேதத்தில் இன்னொரு ராஜாவும் வருகிறான். விருந்து மயக்கத்தில் கேட்டதைத் தருவேன் என்று வாயை விட்டுவிட்டு, வந்தவர்கள் முன்னால் கௌரவம் போய்விடுமே என்று ஒரு நல்ல மனிதரின் தலையைத் தட்டில் வரவழைத்தவன். அவனும் வாக்குத் தவறாதவன்தான். போதையில் உளறுவதாவது ஒரு ராத்திரியோடு போகும். தெளிந்த பிறகும் அந்த உளறலுக்குக் காவல் நிற்கிறார்களே, அதை என்னவென்று சொல்ல?

ராஜாக்கள் அதிகம் மாறவில்லை. அந்த மாதிரி அம்மாக்கள்?

அண்ணனின் அம்மா உள்ளேயிருந்து வந்தார். காபித் தம்ளர்களை எடுக்க வந்தவரைச் செல்வி மறித்துக்கொண்டாள்.

“அம்மா, நீங்களாவது புள்ளைக்கு எடுத்துச் சொல்லக் கூடாதா? குடிச்சுட்டு சொன்னதும்மா அது. அதுக்காக என் பொழப்பு போவுதே!”

“சொல்லாத நாள் உண்டா? எங்க கேக்குறான்?” என்றார் அந்த அம்மா. குரலில் கோபமில்லை, அலுப்புதான். “சரிம்மா, அவன் குடிச்சுட்டு சொன்னான். நீங்கள்லாம் அவனுக்கு ஓட்டு போட்டப்ப தெளிவாத்தானே இருந்தீங்க?”

வராண்டாவில் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். நல்ல கேள்விதான், வசமாக மாட்டிக்கொண்டோம் என்றுதான் எனக்கும் தோன்றியது.

செல்வி மட்டும் நிமிர்ந்தாள்.

“நான் தெளிவாத்தாம்மா இருந்தேன். அதான் அவருக்குப் போடல. எங்க வூட்டுக்காரரத்தான் உங்க ஆளுங்க ஓட்டுக்கு மொத நாளே பாட்டில் குடுத்துக் கூட்டிட்டுப் போனாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சவரு... இன்னும் தெளியல.”

அந்த அம்மா தம்ளர்களை எடுக்காமலே உள்ளே போய்விட்டார்.

இந்த வாரம் பார் திறந்தாயிற்று. வண்டி இன்னும் வரவில்லை.