கழுகுக்கு ஒரு பொட்டு

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில், பனிக்காற்று அறையும் சனிக்கிழமைச் சந்தையில், முகம் பார்க்கும் சுவர்க்கண்ணாடி ஒன்று என்னை நிறுத்திவிடுகிறது. வட்டமாக முன்புறம் புடைத்த கண்ணாடி, பொன்பூச்சுச் சட்டம், உச்சியில் சிறகு விரித்த மரக்கழுகு. அமெரிக்கா புதுக் குடியரசாக இருந்தபோது பழைய ரோமைப் பார்த்து ஆசையாகச் செய்துகொண்ட பாணி. ஆனால் இந்தக் கழுகின் நெற்றியில் குங்குமப் பொட்டு!

விற்க வந்திருப்பவர்கள் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும் அவர் கணவரும். இங்கே இருந்த அமெரிக்கப் படைமுகாம் மூடியபோது ஊர் திரும்பிய அமெரிக்கக் குடும்பம் ஒன்று, தங்கள் வீட்டைத் துப்புரவு செய்த அக்காவுக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போனதாம்.

"புது வீட்டில இந்தக் கோழிக்கு இடமில்லை," என்கிறார் கணவர்.

நான் சும்மா இருக்கிறேனா? "அக்கா, இது கருடன் இல்லை. அமெரிக்காவோட சின்னம்."

"தெரியும் தங்கச்சி. இத்தனை வெள்ளிக்கிழமை பொட்டு வச்சாப் பிறகு அவர் எங்கட ஆள்தானே."

ஒரு ஜெர்மன்காரர் வந்து பார்க்கிறார். அந்தச் சிவப்பைத் துடைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வாராம். அக்கா கைக்குட்டையை எடுக்கிறார். கழுகின் நெற்றிவரை போன கை அங்கேயே நின்றுவிடுகிறது.

"ஏலாது," என்கிறார், அவரிடமும் தமிழிலேயே. பிறகு கணவரைப் பார்த்து, "இஞ்சருங்கோ, தூக்குங்கோ. வீட்ட போவம்."

"எங்க கொண்டுபோய் மாட்டுறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் தூக்குகிறார். நாலடி போனவர் நின்று, கண்ணாடியை இறக்கி, தன் கழுத்துக் கம்பளியை அவிழ்த்துக் கழுகின் தலையைச் சுற்றிக் கட்டுகிறார்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"அவருக்குக் குளிரும்," என்கிறார்.