பதினான்கு மூச்சுகள்

சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறும் பெண்களில், மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைப்பவள் ஷாலினி ஒருத்திதான். மற்றவர்கள் நாங்கள் தூங்குவோம். நான் பெங்களூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளராக இருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு எதிர் சீட்டுதான் எனக்கு. என்ன வேலை என்று யாராவது கேட்டால் "புள்ளிவிவரம்" என்பாள். "டைப்பிங்கா?" என்று கேட்டவரோடு அப்புறம் பங்காரப்பேட்டை வரை பேசமாட்டாள். நானும் ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவளுடைய அப்பா தம்மபாலன் இருபத்திரண்டு வருஷம் எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்துக்குள் துளைபோடும் மெஷின் பிடித்தவர். அம்மா இல்லை. கல்யாணப் பேச்சை எடுத்தால், "அப்பாவ யாரு பாத்துக்குவாங்க, நீங்க வர்றீங்களாக்கா?" என்று என் வாயை அடைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை புத்த விகாரத்துக்கு இருவரும் ஆட்டோவில் போவார்கள். நடந்தால் ஐந்து நிமிஷம். ஆட்டோவில் போவதுதான் கௌரவம் என்பார் அவர். காரணம் தெருவுக்கே தெரியும்.

எங்கள் ஊரில் பெங்களூர் அறக்கட்டளை ஒன்று மூச்சு கிளினிக் நடத்துகிறது. பாறைத் தூசியால் நெஞ்சு கெட்ட பழைய சுரங்க ஆட்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து குழாயில் ஊதுவார்கள். கருவி ஓர் எண்ணைக் காட்டும்; கூடினால் மூச்சு தேறுகிறது, குறைந்தால் கெடுகிறது. ஒவ்வொரு ஊதலையும் ஒரு கார்டில் எழுதி வைப்பார்கள். மருந்து இலவசம். ஏழு வருஷம் ஆனதும் அறக்கட்டளைக்காரர்கள் ஓர் அறிக்கை கேட்டார்கள். ஆட்கள் தேறிவிட்டார்கள் என்றால் கிளினிக்கை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வேலை ஷாலினியின் ஆபீசுக்கு வந்தது. அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பதினான்கு ஊதல். ஆர் என்று ஒரு புள்ளியியல் கம்ப்யூட்டர் மொழியாம். அதில் ஒவ்வொரு ஊதலையும் வைக்க ஒரு பெயர் வேண்டும். மூச்சு1, மூச்சு2 என்று பதினான்கையும் கையால் அடிக்க வேண்டியதில்லை. 'மூச்சு' என்ற சொல்லோடு ஒன்றிலிருந்து பதினான்கு வரை எண்ணை ஒட்டிக்கொண்டே போ என்று திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை, ஒரு லூப், எழுதினால் போதும். கம்ப்யூட்டரே பெயர் வைத்து, அந்த எண்ணுள்ள கார்டின் அளவை அதில் போட்டுவிடும். மூன்று நாள் எனக்குப் பாடம் நடத்தினாள். பாதி புரிந்தது.

வியாழக்கிழமை ரயிலில், ஒவ்வொருவர் அளவுகளையும் கோடாக வரைந்து பார்த்துத் துள்ளினாள். "அக்கா, ஏறுது! எல்லார் கோடும் ஏறுது. அப்பாவோடதும்!" நூற்று முப்பத்தேழு அவருடைய கிளினிக் எண், அவளுக்கு மனப்பாடம். அந்தக் கோடு மேட்டில் ஏறுகிற சைக்கிள் மாதிரி நிதானமாக ஏறியது. எனக்கு வாயெல்லாம் பல்.

டேக்கல் ஸ்டேஷன் வருவதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. "பொய்க்கா இது. போன வருஷம் அப்பா குளிச்சிட்டு வந்து நின்னுக்கினே சட்ட போட்டாரு. இப்ப உக்காந்துதான் போடறாரு."

"நல்ல சேதிதானே, விடேன்" என்றேன். முட்டாள்தனம்தான். ஆனால் அந்தக் கோடு நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

"விட்டா கிளினிக்க மூடிடுவாங்கக்கா."

சனிக்கிழமை கிளினிக்கில் கார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் சிரிலிடம் போனோம். ஒரு காலத்தில் சுரங்கத்தின் இறங்குகுழியான ஷாப்டில் யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்று எழுதிய டைம்கீப்பர் அவர். ஒவ்வொருவர் கார்டுகளையும் நூலால் கட்டி, புதிதை மேலே வைத்திருந்தார். ஆள் அடையாளம் தெரியக்கூடாதென்று பெயரையும் தேதியையும் விட்டுவிட்டு எண்களை மட்டும்தான் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

"எதை ஒண்ணுன்னு போட்டீங்க மாமா?" என்று கேட்டாள் ஷாலினி.

"மேல இருக்கறத. சுரங்கத்துல லெவல் மேலேர்ந்துதானேம்மா எண்ணுவோம்? அடியிலேர்ந்து யாராச்சும் எண்ணுவாங்களா? போன்ல கேட்டேனே, நீதான் சரின்னே."

ஷாலினி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஆமாம், அவள்தான் சரி என்றிருந்தாள். வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால், முதல் கார்டு பழையதா புதியதா என்று கேட்டிருப்பாள். இவள் ஷாப்டுக்குப் பக்கத்தில் பிறந்தவள். சுரங்கத் தளங்களைப் போல மேலிருந்து எண்ணுவதில் இவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. போன மாசத்து மூச்சு முதலாவதாகவும், ஏழு வருஷத்துக்கு முந்தைய மூச்சு கடைசியாகவும் போய் உட்கார்ந்திருந்தன.

திருத்தம் ஒரே வரிதான். பெயரோடு ஒட்டும் எண்ணைப் பதினைந்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். ஒன்று பதினான்காகும், பதினான்கு ஒன்றாகும். திங்கட்கிழமை ரயிலில் பங்காரப்பேட்டைக்கு முன்பே அந்த வரியை அடித்துவிட்டாள். மாலூர் வந்த பிறகும் என்டரைத் தட்டவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. எனக்கே அந்தப் பொத்தானைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிய வேண்டும் போல இருந்தது.

கடைசியில் தட்டினாள். கோடுகள் எல்லாம் இறங்கின. ரொம்ப இறங்கிய பத்துப் பேரில் நூற்று முப்பத்தேழும் இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அறிக்கையில் சேர்த்தாள், அனுப்பினாள்.

ஒயிட்பீல்டு தாண்டும்போது அப்பா கூப்பிட்டார். தினமும் கூப்பிடுவார். ரயில் சத்தத்துக்காக ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரிப்போர்ட்டு இன்னாச்சும்மா?"

"அனுப்பிட்டேன்பா. கிளினிக்க மூட மாட்டாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?"

ஷாலினி போனை என் கையில் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஜெயசீலி பேசறேண்ணே. அவளுக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றேன்.

"வெந்நி குடிக்கச் சொல்லும்மா" என்றார். அந்த மூன்று சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.