ஐயாவுக்கு இரண்டு கரண்டி சீனி

ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு உச்சந்தலையில் இறங்க, வியர்வையும் பவுடரும் தேங்காயெண்ணெயும் கலந்த ஒரு வாடை எங்கள் சபைக் கட்டடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நண்பகலில் எழும். இன்றும் எங்காவது அந்த வாடை மூக்கில் ஏறினால் எனக்குப் பக்தி வருவதில்லை, எரிச்சல்தான் வருகிறது.

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சபை அது. போரின்போது தலைவனின் உயர்த்திய கைகள் தளர்ந்துவிடாமல் இருவர் இருபுறமும் தாங்கினார்கள் என்று வேதத்தில் வரும் சம்பவத்தை எங்கள் பெரியவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு, உபவாச ஜெபத்தில் போதகர் ஞானமுத்து ஐயா முழங்காலிட்டுக் கைகளை உயர்த்தும்போது ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ள முறை வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் ‘கைத்தாங்கல்’. சபைச் செயலாளரான என் அப்பா தன் முறைக்கு முந்தின நாளே வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவார். ஊழியக்காரரைத் தாங்குவது கர்த்தருக்கே செய்கிற காரியம் என்று அவர் மனதார நம்பினார், அதில் துளியும் பொய் கிடையாது.

எல்லோரும் ஐயாவின் கைகளைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த பத்து வயதுக்காரியான எனக்கோ, முழங்காலிட்டவரின் பாதங்கள்தான் நேரே தெரிந்தன. இடது பாதத்தில் ஒரு துணிக்கட்டு. வாரத்துக்கு வாரம் அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஐயாவுக்குச் சுகர் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி, நாங்கள் ‘ஐயரம்மா’ என்று கூப்பிடுகிறவர், ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று பெண்களிடம் கும்பிடாத குறையாகச் சொன்னார்: “ஐயா வீட்டுக்கு வந்தா காப்பில சீனி மட்டும் போடாதீங்கம்மா. ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி எறங்குறாக.”

அவர் தலை மறைந்ததும் என் அம்மா வெடித்தாள். “சொந்தக்காரவுக வந்தாலே இனிக்க இனிக்கக் குடுக்குறோம், கர்த்தரோட ஊழியக்காரருக்கு வெறுங்காப்பியா? எம்புட்டுக் கேவலம்!” அதன்பிறகுதான் வீட்டுக்கு வீடு போட்டி போட்டுக்கொண்டு இரண்டு கரண்டியாகப் போட்டார்கள். ஐயாவோ எந்த வீட்டிலும் தம்ளரைத் தள்ளிவைத்தவரில்லை. ஒரு காலத்தில் தங்கள் வீட்டுத் தண்ணீரை அடுத்த தெருக்காரர் தொடாத அவமானத்தைப் பார்த்த குடும்பங்கள் எங்களுடையவை, அங்கே ஒரு போதகர் காப்பி வேண்டாம் என்றால் அதற்கு என்ன அர்த்தம் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஐயாவின் காலில் இருந்த துணிக்கட்டின்மேல் ஈ மொய்த்தது. கர்த்தர் தங்களுக்குச் செய்ததை அவரவர் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் நானும் எழுந்து, “ஐயா கால்ல புண்ணு இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளிய இடம் கன்றிப்போனது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, “ஊழியக்காரருக்கு வியாதின்னு வாய்விட்டுச் சொல்றதே அவிசுவாசம். வெளிய தெரிஞ்சா அவர் பேரு என்னாகும்? நம்மதான காக்கணும்” என்றார். காத்தார்கள்தான், பேரை மட்டும் பொத்திப் பொத்திக் காத்தார்கள்.

இரண்டு மாதத்தில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐயாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப்போன அப்பா கட்டிலருகே குலுங்கி அழ, ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க அம்புட்டுப் பேரும் தாங்கலேன்னா நான் இம்புட்டு நாள் ஓடியிருப்பேனா அண்ணே?” என்றார். அந்த வார்த்தையை அப்பா ஆறுதலாக வாங்கிக்கொண்டார், சபையில் சாட்சியாகவும் சொன்னார். அன்றைக்கு ஐயாவாவது எங்களைத் திட்டியிருக்கலாம் என்று எனக்கு இன்றுவரை ஆத்திரம். ஐயரம்மா மட்டும் எங்களில் யாரோடும் பேசவில்லை. புதுப் போதகர் வந்ததும் ஐயாவுக்குச் சால்வை போட்டு வழியனுப்பினோம்; ஒரு மினி வேனில் சாமான்களோடு அந்தக் குடும்பம் போனது. அடுத்த வருஷமே ஐயா தவறிப்போனார் என்று கேள்விப்பட்டோம்.

இப்போது நான் கே.கே. நகரில் இருக்கிறேன். ஊரில் சபைக் கட்டடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போய் மேலே கான்கிரீட் வந்துவிட்டது, கைத்தாங்கல் எப்போதோ நின்றுபோயிற்று, போதகரின் பிறந்தநாளுக்கு வாசலில் பேனர் கட்டுகிறார்கள். போன மாதம் என்னோடு தங்க வந்த அப்பா, “ஊழியக்காரரைத் தாங்குற அந்தப் பக்தியெல்லாம் போச்சும்மா” என்று பெருமூச்சு விட்டார்.

பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: “ஐயரம்மா இப்ப எங்கப்பா இருக்காக?”

அப்பாவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கோபத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்த எனக்கும் தெரியவில்லை.