சரளா கொன்ற கிருமி

சரளாவுக்குச் சுத்தம் ஒரு வியாதி. ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் பல வருஷம் தொட்டி கழுவியவள். அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தால், நாம்தான் அழுக்கோ என்று நமக்கே கூச்சம் வந்துவிடும்.

வேலை போனதும், பழைய ரப்பர் தோட்டத்தில் மரம் வெட்டிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சோளம் போட்டாள். நிலக்காரர் இளையதம்பி கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த விளைச்சல் தேறினால் குத்தகை தொடரும். தேறாவிட்டால் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிடுவார்.

உரம் விற்கும் தீபன் ஒரு திரவம் கொடுத்தான்.

“நல்ல கிருமிக்கா இது. வேர்ல ஒட்டிக்கிட்டு, காத்துல இருக்கிற நைட்ரஜன எடுத்துக் குடுக்கும்லா. யூரியா பாதி போதும்.”

சரளா அதை வீட்டுத் தொட்டித் தண்ணீரில் கலந்து விதைத்த மண்ணில் தெளித்தாள். யூரியாவையும் பாதியாகக் குறைத்தாள்.

பயிர் முழங்கால் உயரம் வந்தபோது அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாயின. நடுநரம்பு வழியாக மஞ்சள் உள்ளே ஏறியது. சரளா தீபனைப் போனில் பிடித்துக் கிழி கிழியென்று கிழித்தாள். அவன் பதறிக்கொண்டு வந்தான்.

“எதுலக்கா கலந்தீங்க?”

“அந்தத் தொட்டியிலதான். குளோரின் ஊத்தி நல்லாக் கழுவி, கலக்குற தண்ணியிலயும் கொஞ்சம் ஊத்தினேன். கிருமி ஒண்ணு இருக்கக்கூடாதுன்னு...”

சொன்ன வாய் அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து இளையதம்பியின் கார் வந்து நின்றது. பக்கத்தில் நின்ற கணவன் தர்மேந்திரன் அவள் காதருகே குனிந்தான்.

“மருந்து சரியில்லன்னு சொல்லிடு. பழி இவனோட போவட்டும்.”

தீபனுக்கும் அது கேட்டது. அவன் முகம் வெளிறியது.

“ஏன் பிள்ளை, பயிர் மஞ்சளாக் கிடக்கு?” என்றார் இளையதம்பி.

சரளாவுக்கு நிலம் கை நழுவுவது கண்முன்னே தெரிந்தது.

“கிருமிய நாந்தான் கொன்னுட்டேன் ஐயா. இவன் மேல தப்பில்ல. மிச்ச யூரியாவ இன்னிக்கே போட்டுடறேன்.”

“பயிர் தப்புமோ?”

“தெரியல ஐயா.”

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். தீபனும் இறங்கி வேலை செய்தான். தண்டில் படாமல் தள்ளி யூரியா போட்டு மண்ணால் மூடினார்கள். அதன்பின் சரளாவுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் ஓடிப்போய்க் குருத்தைத்தான் பார்ப்பாள். மஞ்சள் இலைகள் அப்படியே கிடந்தன. ஒரு காலை, குருத்து மட்டும் பச்சையாக விரிந்திருந்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

அறுவடையில் ஓர வரிசைகளில் கதிர் சிறுத்துத்தான் இருந்தது. மற்றதெல்லாம் தேறிவிட்டது. இளையதம்பி ஒரு கதிரை உரித்துப் பச்சையாகவே கடித்தார்.

“நிலம் உன்னட்டையே இருக்கட்டும். அடுத்த முறையும் அந்தக் கிருமியோ?”

“ஆமா ஐயா. ஆனா தொட்டிய நான் தொட மாட்டேன். இவரு கழுவட்டும்” என்று தர்மேந்திரனைக் காட்டினாள்.