இந்திரன் சார் காத்த நாற்காலி

காலையில் வந்ததும் இந்திரன் சார் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைப்பார். உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பார். பிறகு உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவார். யாரும் பெயர்த்துக்கொண்டு போய்விடவில்லை என்று உறுதியான பிறகுதான் அன்றைய மழையைப் பற்றிய யோசனை.

எங்கள் வானிலை அலுவலகத்தின் தலைவர் அவர். இந்திரன் என்பது நாங்கள் வைத்த பட்டப்பெயர்; மழைக்காக வைத்ததில்லை. அவர் சொல்லி மழை வந்ததே இல்லை. தேவலோகத்து இந்திரன் இடிக்கும் மழைக்கும் அதிபதிதான், ஆனாலும் பூமியில் எவனாவது கண்ணை மூடித் தவத்தில் உட்கார்ந்தால் போதும், பதவி போச்சு என்று சிம்மாசனத்தைப் பிடித்துக்கொள்வான். உடனே ரம்பையை அனுப்பித் தவத்தைக் கலைப்பான். எங்கள் சாருக்கு ரம்பை வசதி இல்லாததால் டீ அனுப்பினார்.

தவத்தில் இருந்தது மழைமானி பார்க்கும் அக்கா. பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, படிச்சுப் படிச்சுக் கண்ணு கெட்டுடும். டீ குடிங்க."

"இது மூணாவது டீ சார்."

"பாஸ் பண்ணி என்னதான் செய்யப் போறீங்க?"

"உங்கள மாதிரி ஹாயா உக்காரத்தான் சார்!"

அக்கா விளையாட்டாகத்தான் சொன்னார். சாருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தேர்வன்று காலை, மலை மேலுள்ள மழைமானி பழுது என்று அக்காவின் விடுப்பை ரத்து செய்து ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

"சார், பத்து மணிக்குப் பரீட்சை..."

"அங்க பேய்மழை வரப்போகுதும்மா. வேற ஆள் இல்ல."

அந்த வேறு ஆளான நான் பக்கத்து மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

சாயங்காலம் அக்கா வெயிலில் கறுத்துத் திரும்பினார். மானியில் ஒரு கோளாறும் இல்லை.

"ஒரு சொட்டு விழல சார்."

"இயற்கைம்மா. நம்ம கையிலயா இருக்கு?"

ஆறு மாதத்தில் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். அக்கா ஒருநாள்கூட விடாமல் எழுதியிருந்த மழை அளவுகளைப் பார்த்தார்கள். சாரின் பலிக்காத முன்னறிவிப்புகளையும் பார்த்தார்கள். சாருக்கு இடமாற்றம் வந்தது; பொறுப்பு அக்காவிடம் போனது.

பழைய கோப்புகளை அடுக்கும்போதுதான் அக்காவின் தேர்வு விண்ணப்பத்தைப் பார்த்தேன். 'தேர்ச்சி பெற்றால் விரும்பும் இடம்' என்ற கட்டத்தில், கணவர் வேலை பார்க்கும் ஊரை எழுதி, 'இந்த அலுவலகம் தவிர எதுவானாலும் சரி' என்றும் சேர்த்திருந்தார். அதற்குக் கீழே, 'படித்துப் பார்த்துப் பரிந்துரைக்கிறேன்' என்று சாரின் கையெழுத்து.