கதகதப்பான சுவர்

ஜூராவைப் போல ஓரிடத்தில் நிற்கத் தெரியாத பெண்ணை நான் பார்த்ததே இல்லை. சுலுக்தா நிலக்கரிச் சுரங்கத்தில் அவளுக்குக் காற்றைச் சோதிக்கும் வேலை. எனக்கு விளக்கறையில், இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுத்து வாங்கும் வேலை. அவள் என் ஜன்னலைக் கடந்தாலே எனக்குப் படபடவென்று வரும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் கரிக்கு யாரும் தீ வைக்க வேண்டாம். வெட்டி முடித்த இடத்தில் கிடக்கும் தூளுக்குள் கொஞ்சம் காற்று கசிந்தால் போதும், தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் அங்கெல்லாம் சுவர் எழுப்பி அடைத்துவிடுவார்கள். கரி சூடேறினால் முதலில் மண்ணெண்ணெய் வாடைதான் அடிக்கும். ஆனால் போன வருடம் அந்த வாடைக்கு இவள் போட்ட கூச்சலில் எல்லாரும் வேலையை விட்டு ஓடிவந்து பார்த்தால், எவனோ கொட்டிய மண்ணெண்ணெய்! அன்றிலிருந்து அவளுக்குச் 'சங்கு' என்று பேர்.

ஜனவரிக் குளிர். காலையில் ஷிப்டுக்குக் கிளம்பிய அவள் புருஷன் கல்மத், "ரொட்டியத் துணியில சுத்தாதே. கீழ ஒரு அடைப்புச் சுவர் கதகதன்னு இருக்கு. சாய்ச்சு வெச்சா அடுப்புல எடுத்த மாதிரி ஆயிடுது. இப்பல்லாம் அங்கதான் உட்கார்றோம்" என்றானாம். சொல்லிவிட்டுப் போயும் விட்டான்.

மாவு பிசைந்த கையோடு ஓடிவந்தாள். "ஸாயிரா அக்கா, விளக்கு குடுங்க, சீக்கிரம்!"

"மறுபடியும் சங்கா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. அவள் விஷயத்தைச் சொன்னாள். அடைப்புச் சுவர் சுடுகிறதென்றால் பின்னால் கரி பற்றிவிட்டது என்று அர்த்தம். விளக்கைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பாளருக்குப் போன் போட்டேன். விஷவாயு முகமூடி போட்ட மீட்பு ஆட்கள் வருவதற்குள் அவள் இறங்கிவிட்டாள்.

கீழே நடந்ததை அன்றே ஆளாளுக்குச் சொன்னார்கள். வேலைக்கு முன்னால் கல்மத்தும் கூட்டாளிகளும் அந்தச் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்களாம். "எல்லாரும் வெளிய போங்க!" என்று இவள் கத்தியிருக்கிறாள்.

"சங்கு ஊதியாச்சுடா!" என்று ஒருவன் சிரித்தான். "உத்தரவு வரட்டும்மா, டீ ஆறிடும்" என்றான் இன்னொருவன்.

கல்மத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "வீட்டுக்குப் போ. மானத்த வாங்காதே."

அவள் போகவில்லை. அவன் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "சரி, நானும் இருக்கேன். நம்ம ரெண்டு பொண்ணுங்களையும் யார் வளர்க்கறதுன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கல்மத் எழுந்தான். முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களும் எழுந்தார்கள். முகமூடி ஆட்கள் அங்கே போய்ப் பார்த்தபோது சுவர் விரிசல் விட்டு, அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் புகை கக்கிக்கொண்டிருந்ததாம். விஷவாயு. ஒரு மூச்சு இழுத்தால் ஆள் காலி. அந்தப் பாதை முழுவதையும் அடைத்தார்கள்.

மேலே வந்தவர்கள் வரிசையாக விளக்கைக் கொடுத்தார்கள். கல்மத்தான் கடைசி. முன்னாலேயே மேலேறி வந்து காத்திருந்த ஜூரா, அவனைப் பார்த்ததும் என் அறைத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"அத்தனை பேர் முன்னாடி என் மானம் போச்சு" என்றான் அவன்.

"போகட்டும். நீங்க வந்துட்டீங்கல்ல."

அவன் விளக்கை நீட்டினான். நான் வாங்கியதும் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.