மாமா தோற்ற போட்டி

அந்த டி-சர்ட்டை மாமா இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துப் படித்தது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளைத் துணி. நெஞ்சுப் பக்கம் கையுறை மாட்டிய ஒரு முஷ்டி, அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'தோல்வியே காணாத சாம்பியன்'. என் பிரிண்டிங் யூனிட்டில் அடித்ததுதான். மை நன்றாகப் பிடித்து, எழுத்தின் ஓரமெல்லாம் சுத்தமாக வந்திருந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமா ஒரு முறை படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு கடைக்காரர் போல அழகாக மடித்து என் மடியில் வைத்து, "இத நான் போட மாட்டேன் கண்ணு. தப்பா எடுத்துக்காத" என்றார்.

மாமா என் அம்மாவின் தம்பி. பகலில் சாயப்பட்டறையில் வேலை, விடிகாலையில் குத்துச்சண்டை. ஹெவிவெயிட்டில் பல வருடம் மாநில சாம்பியனாக இருந்தார். நாற்பது வயதைத் தாண்டினால் போட்டியில் ஏற விடமாட்டார்கள் என்பதால் போன வருடம் விலகுவதாகச் சொல்லிவிட்டார். அவருடைய கிளப்பில் எங்கள் ஊர் ராயபுரத்தில் மண்டபம் ஒன்றைப் பிடித்துப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார்கள். எங்கள் ஊரில் காதுகுத்தோ கோயில் விசேஷமோ, எதுவானாலும் முதலில் டி-சர்ட் அடித்துவிட வேண்டும். அந்தப் பொறுப்பும், மேடையில் மாமாவைப் பற்றிப் பேசும் பொறுப்பும் என் தலையில் விழுந்தன.

எங்கள் தொழிலில் சாம்பிள் காட்டி அப்ரூவல் வாங்காமல் ஒரு பீஸைக்கூட அடிக்க மாட்டோம். ஆர்டர் கொடுத்துவிட்டுக் கடல் தாண்டி இருக்கும் பையருக்கு நீலம் கொஞ்சம் கூடுதலா குறைவா என்று திரும்பத் திரும்ப அனுப்பிக் கேட்போம். அடுத்த தெருவில் இருக்கும் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நம் மாமாதானே என்கிற நினைப்பு. மொத்தத்தையும் அடித்து, காயவைத்து, கவர் போட்டு அடுக்கிய பிறகுதான் மேலே இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒல்லிப்பிச்சான்கள். மாமா மட்டும் எப்படியோ கதவு நிலையில் தலை இடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டார். ஊர் முழுக்கப் பனியன் தைக்கிறார்கள், மாமாவுக்குப் போட ஒரு பனியன் கிடைக்காது. தெரிந்த கட்டிங் மாஸ்டர் ஒருவர் தனியாக வெட்டிக் கொடுப்பார். அவருடைய எடைப் பிரிவில் மோத ஆள் கிடைப்பதும் அப்படித்தான் இருந்தது. மாவட்ட அளவில் ஆளே இல்லை. மாநிலப் போட்டிக்கு வருகிற ஒன்றிரண்டு பேருக்கும் எடை பார்க்கும் இடத்தில் மாமாவைக் கண்டதும் வயிற்றுவலி வந்துவிடும். எதிராளி வராவிட்டாலும் ஒரு சடங்கு உண்டு. மாமா கையுறை மாட்டி மேடையேறி நிற்க வேண்டும், நடுவர் அவர் கையைத் தூக்கிக் காட்டுவார், தங்கப் பதக்கம் கொடுத்துவிடுவார்கள். அதற்கு வாக்ஓவர் என்று பெயர். அப்படி வாங்கிய பதக்கங்களை மாமா யாரிடமும் காட்டியதில்லை. என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டால், "சும்மா நின்னதுக்குக் குடுத்தாங்கக்கா" என்பார்.

இதனால் ஊரில் மாமாவைப் பற்றி இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சி, அவரை அடிக்க இந்த நாட்டிலேயே ஆள் கிடையாது என்று அளக்கும். இன்னொரு கட்சி, "ஆளே இல்லாத கடையில டீ ஆத்துனவருங்க" என்று சிரிக்கும். முதல் கட்சியை எனக்குப் பிடிக்கும், இரண்டாவது கட்சியைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் டி-சர்ட்டில் அப்படி எழுதினேன். ஆனால் நான் எழுதியது பொய். மாமா ஒரு முறை தோற்றிருக்கிறார், அதை நானே நேரில் பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மதுரையில் மாநில இறுதிப் போட்டி. அம்மாவும் நானும் பஸ் பிடித்துப் போயிருந்தோம். எதிரே தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். மாமாவைவிட ஒரு விரற்கடை குள்ளம், தோள் மட்டும் மாமாவைவிட அகலம். மணி அடித்ததும் மாமாவின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது சந்தோஷம் என்று பிறகுதான் புரிந்தது. அவருடைய முழு பலத்தையும் வாங்கிக்கொண்டு நிற்க ஓர் ஆள் வந்துவிட்டார். கிளப்பில் ஒல்லிப் பையன்களோடு பழகும்போது, அவர்களுக்கு வலிக்கக் கூடாதே என்று பாதி பலத்தில்தான் மாமா குத்துவார். அன்றைக்கு அந்தக் கவலை இல்லை. முதல் இரண்டு ரவுண்டும் யாருக்கு என்று சொல்ல முடியவில்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "முடிஞ்சுதா கண்ணு, முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது ரவுண்டில் தூத்துக்குடிக்காரருடைய இடது கை வந்தது. மாமா ஒரு முழங்காலில் உட்கார்ந்தார், எழுந்தார், கடைசி வரைக்கும் நின்றார். புள்ளிக் கணக்கில் தோற்றுப்போனார்.

நான் அழுதுகொண்டே கீழே ஓடினேன். மாமா உதடு கிழிந்து, வாயெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே அந்தத் தூத்துக்குடிக்காரர், காதைப் பொத்திக்கொண்டு. "அண்ணே, ஒங்க அடி இன்னும் காதுக்குள்ள கேக்கு" என்றார். பிறகு எங்கள் எல்லோருக்கும் அவர்தான் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் மாமா அந்த இடது கையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அடுத்த வருடம் முழுக்க மாமா அந்தத் தூத்துக்குடிக்காரருக்காகவே பயிற்சி செய்தார். பனியன் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டை அடைத்துக் கட்டிய மூட்டையை இடதும் வலதுமாகக் குத்தித் தள்ளினார். போட்டி நாள் வந்தது, அவர் வரவில்லை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். மறுபடியும் வாக்ஓவர். நடுவர் கையைத் தூக்கிப் பிடித்திருக்க, மாமா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அதற்கப்புறமும் மாமா பயிற்சியை விடவில்லை. ஷிப்ட் முடிந்து எவ்வளவு களைத்து வந்தாலும் விடியும் முன் மைதானத்தில் இருப்பார்.

டி-சர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று கிளப் செயலாளரும் உடன் இருந்தார். "அடிச்சது அடிச்சாச்சுங்க. பாராட்டு விழால தோத்தத எதுக்குங்க பேசோணும்?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, எனக்கும் அந்தப் பயம்தான். வருடக்கணக்கில் விடிகாலை எழுந்த மனிதரை அவருடைய கடைசி மேடையில் ஊர் சிரித்துவிட்டால் என்ன செய்வது? மாமா குரலை உயர்த்தவில்லை. "வாக்ஓவரு எல்லாத்துக்கும் தெரியுமுங்க. அந்தத் தூத்துக்குடிக்காரரு ஒருத்தருதான் எங்கூட நெசமா சண்ட போட்டாரு. அவரையும் இல்லைன்னு சொல்லிப்போட்டா நான் யாருகூடத்தானுங்க சண்ட போட்டேன்?" என்றார். மாமா என்னிடம் திரும்பி, "அவரச் சொல்லாம என்னப் பத்திப் பேசாத கண்ணு" என்றார்.

டி-சர்ட்டுகள் மண்டபத்துக்குப் போகவில்லை. என் யூனிட்டில் இன்றைக்கும் அச்சடிக்கும் ஸ்கிரீனைத் துடைக்க அவைதான்.

விழாவில் முன்வரிசையில் அம்மா. அவருக்குப் பின்னால் இரண்டு கட்சிக்காரர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மேடையேறி மைக்கைப் பிடித்தேன். வாக்ஓவர்களைச் சொன்னேன். பின்பக்கம் யாரோ சிரித்தார்கள், நான் நிறுத்தவில்லை. எதிரே ஆள் வருவாரா என்று தெரியாமலே ஒருவர் இத்தனை வருடம் தயாராக இருந்திருக்கிறார், அதற்குத்தான் நான் சாம்பியன் என்று பெயர் வைப்பேன் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. மதுரையைச் சொன்னேன், துறைமுகத்துக்காரரைச் சொன்னேன். மூன்றாவது ரவுண்டில் அந்த இடது கை வந்ததையும் சொல்லி, "என் மாமா தோற்றார்" என்றேன்.

செயலாளர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மாமா நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்ட ஆரம்பித்தார், அந்தப் பெரிய கைகளால், தான் தோற்றதற்கு. முதலில் அவர் ஒருவர் மட்டும்தான். பிறகு அம்மா எழுந்தார். அப்புறம் யார் எந்தக் கட்சி என்றே தெரியவில்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. என் காதோரம் குனிந்தார்.

"நல்லாத்தான் பேசுன கண்ணு. அந்த எடது கையத்தான் கொஞ்சம் கொறச்சுச் சொல்லிப்போட்ட. அவரு இன்னும் நல்லா அடிச்சாரு."